கிளம்ப வேண்டிய ராத்திரி எது?

பல்லாவரத்தில் எங்கள் வீடு இருந்ததால், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஊரைப் பிரியும் முன் கடைசி ராத்திரி எங்கள் கூடத்தில்தான். மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். 1980-களின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. அப்போது அப்பா வழியனுப்பினார், இப்போது நான் வழியனுப்புகிறேன். துபாய், ஷார்ஜா, மஸ்கட், சிங்கப்பூர் என்று போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிற அவர்களுடைய மனைவிமார் என்று மூன்று தலைமுறை இந்தக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து எழுந்து போயிருக்கிறது.

அந்த நாளில் விமானம்தான் பிந்தும். போகிறவர் முந்தின நாளே வந்து உட்கார்ந்திருப்பார். இப்போது விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது, ஆள்தான் பிந்திவிடுகிறார். ரோடு அகலமாகிவிட்டது. கத்திப்பாராவில் மேம்பாலம் இருக்கிறது. விமான நிலைய வாசலுக்கே மெட்ரோ வந்துவிட்டது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இருந்தும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி விமானத்தை விட்டவர்கள் எல்லோரும் இந்தக் காலத்து ஆட்கள்தான். அப்பா அனுப்பிய ஆட்களில் ஒருவர்கூட விட்டதாக எனக்கு நினைவில்லை. இது ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் அந்தக் காலத்துப் புறப்பாட்டைச் சொல்ல வேண்டும். போகிறவர் சாயங்காலம் வந்ததும் பெட்டியைத்தான் பார்ப்போம். இருபது கிலோ அனுமதி. தெருமுனைப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஸ்பிரிங் தராசை இரவல் வாங்கி வந்து, கூடத்து ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, அதில் பெட்டியைத் தொங்கவிட்டு, அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். இருபத்திரண்டு காட்டினால் பெட்டியைத் திறந்து எதை எடுப்பது என்று பெரிய பஞ்சாயத்து நடக்கும். கருவாட்டை எடு என்பார் ஒருவர், புழுங்கலரிசியை எடு என்பார் இன்னொருவர். அம்மா கொடுத்துவிட்ட பொடி டப்பாவை எடுக்க யாருக்கும் மனசு வராது. பிறகு பெட்டியை மூடி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கின நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மூடியில் பெயரையும் ஊரையும் பெயின்ட்டில் எழுதி வைப்போம்.

டிக்கெட் என்பது அப்போது ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளின் பின்னாலும் சிவப்புக் கார்பன், தொட்டால் விரலில் ஒட்டும். ஒவ்வொரு கட்டப் பயணத்துக்கும் ஒரு தாள். கவுண்டரில் அதைக் கிழித்து எடுத்துக்கொள்வார்கள். தாள் தொலைந்தால் பயணம் தொலைந்தது, அதனால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது. பல விமானங்களுக்கு 72 மணி நேரத்துக்கு முன்னால் 'நான் வருகிறேன்' என்று மறுபடி உறுதி செய்ய வேண்டும். அதற்கு அப்பா ஆபீஸிலிருந்து போன் செய்துவிட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் டைரியில் குறித்து வைப்பார்.

எனக்கு மறக்காதது டிக்கெட்டைவிட அதன் உறைதான். மண்ணடியில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பார். டிக்கெட்டை உறையில் போட்டு, மேலே நீல மசியில் பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருவார்: 'சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு ஏர்போர்ட் வாசலில் இருக்கவும். ஞாயிறு இரவு அல்ல.' கடைசி வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு. எழுதியதோடு விடமாட்டார். எதிரில் நிற்கிற ஆளை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க வைப்பார். "எந்த ராத்திரி, சொல்லு தம்பி" என்று கேட்டு, பதில் சரியாக வந்தால்தான் உறை கை மாறும்.

நல்ல நேரம் பார்ப்பதும் ஒரு வகையில் உதவியது. கிளம்புகிற நேரத்தில் ராகு காலம் குறுக்கிட்டால், அதற்கு முன்பே போகிறவரின் பை ஒன்றை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்பார்கள். பயணம் நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் அந்தப் பை வாசல் தாண்டியதும் வீடே பயணத்துக்குத் தயாராகிவிடும். அதற்குப் பிறகு யாரும் குளிக்கப் போகிறேன், கடைக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள்.

வழியனுப்ப ஊரிலிருந்து ஒரு வேன் ஆள் வரும். பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அப்படிப் போய்வந்த காலத்தில்தான், 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். செய்தி வந்த அன்று எங்கள் தெருவே வாசலில் நின்றது. அடுத்த வருஷம் ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் மாண்டார்கள். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை. ஆள் ஏறாமல் அவருடைய பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்ற விதியை உலகம் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டது அதன் பிறகுதான். இன்று கவுண்டரையும் கேட்டையும் ஏன் இவ்வளவு முன்னதாக மூடுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால், ஏற்றிய பெட்டிகளுக்குள் அவருடைய பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று கணக்கு முடித்து விமானியிடம் தாள் கொடுக்க வேண்டும். கதவு மூடுகிற நேரத்தில் எனக்குக் குறை இல்லை. அந்த நேரத்தை ஜனங்களுக்குச் சொல்கிற விதத்தில்தான் குறை.

அந்தக் காலத்தில் சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். ஒருமுறை என் மாமா வளைகுடாவுக்குப் போக வேண்டிய நள்ளிரவு விமானம் வரவே இல்லை. வேனில் வந்தவர்கள் வெளியே புல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். விடிகிற நேரத்துக்கு ஒரு அதிகாரி வெளியே வந்தார், சட்டைப் பையில் இரண்டு பேனா. "வளைகுடா பயணிகளோட வந்தவங்க யாரு?" என்று ஒவ்வொரு கூட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்து, "மத்தியானம்தான் கிளம்பும், உள்ள இருக்கிறவங்களுக்கு டிபன் கொடுத்தாச்சு, நீங்க ஊருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒலிபெருக்கியிலும் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் புல்தரைவரை நடந்து வந்து சொன்னதால்தான் பாட்டி எழுந்து வேனில் ஏறினாள்.

அப்போது எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்டுகளை நம்பி பம்பாய் வரை போய், அங்கே விசா வரும் வரும் என்று மாதக்கணக்கில் லாட்ஜில் கிடந்து, பணம் தீர்ந்து திரும்பியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. டிக்கெட் விலையைக் கேட்டாலே நிலத்தை அடகு வைக்க வேண்டும். உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸை விட்டால் பெரும்பாலும் வேறு விமானம் இல்லை. 1994-ல் ஏர் கார்ப்பரேஷன்கள் சட்டம் நீக்கப்பட்ட பிறகுதான் தனியார் முறையாக உள்ளே வந்தார்கள். 2003-ல் ஏர் டெக்கான் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கியபோது, பஸ்ஸில் மட்டுமே போயிருந்த என் அத்தை பெங்களூருக்கு விமானத்தில் போய் வந்தாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். விமானம் எல்லோருக்குமானது இப்போதுதான். அதனால்தான் இப்போது அதை விடுகிறவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

இன்றைக்கு வருகிறேன்.

மன்னார்குடியிலிருந்து வருகிற திருவள்ளுவர் பஸ் அப்போது ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் பாரிமுனை போகும். கண்டக்டரிடம் சொன்னால் பல்லாவரத்தில் இறக்கிவிடுவார். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நின்றுவிடுகின்றன. பஸ் நிற்கிற இடத்துக்கு மெட்ரோ இல்லை, மெட்ரோ இருக்கிற இடத்துக்கு பஸ் வருவதில்லை. கிளாம்பாக்கம் வரை மெட்ரோ நீட்டிப்பு இன்னும் திட்டமாகவே இருக்கிறது. பெட்டியோடு இறங்குகிறவர் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, பெருங்களத்தூரையும் தாம்பரத்தையும் தாண்டித்தான் வந்தாக வேண்டும். தீபாவளி, பொங்கல் நாளில் அந்தத் தூரத்தில் என்ன ஆகும் என்று யாரும் நேரம் சொல்ல முடியாது. விடியற்காலை ஐந்து மணி விமானம் என்றால் மெட்ரோவும் உதவாது.

வந்து சேர்ந்த பிறகு எந்த வாசல் என்பது அடுத்த கேள்வி. 1980-களின் கடைசியில் திரிசூலம் பக்கம் புது முனையங்கள் வந்தபோது கணக்கு எளிது: உள்நாடு என்றால் காமராஜர் முனையம், வெளிநாடு என்றால் அண்ணா முனையம். 2023 ஏப்ரல் 8-ல் புதிய டி-2 திறக்கப்பட்டதும் வெளிநாட்டு விமானங்கள் அங்கே போயின. பழைய அண்ணா முனையம் டி-4 ஆகி உள்நாட்டு விமானங்களுக்குப் போனது. டி-3-ஐ இடித்துவிட்டார்கள். எந்த விமானம் டி-1, எந்த விமானம் டி-4 என்பது டிக்கெட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். 'இன்டர்நேஷனல்' என்றால் அண்ணா முனையம் என்று முப்பது வருஷமாகப் பழகிய டிரைவர், பெரியவர்களை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டைப் பார்த்து "இங்க இல்ல, அங்க" என்று கை காட்டும்போது, அறுபது வயதுக்காரருக்கு அந்த 'அங்க' மிகவும் தூரம்.

ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் விமானத்தை விட்டதற்கு ரோட்டைவிட, வாசலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நள்ளிரவுதான் அது.

சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற விமானங்கள் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. என் சித்தப்பா மகனுக்குத் திரும்பிப் போகிற டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை 00:40. போனில் அப்படித்தான் வந்திருந்தது. ஞாயிறு மத்தியானம் ஊரில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, காரில் வந்து, ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இறங்கினான். "பன்னெண்டே முக்காலுக்குத்தானே அக்கா, நெறைய நேரம் இருக்கு" என்று உட்கார்ந்து காலை நீட்டினான். நான் போனை வாங்கிப் பார்த்தேன். விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. திரும்பத் திரும்பத் தேதியைப் பார்த்தான். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். மறுநாள் காலையில் அவன் வேலையில் சேர வேண்டியவன். புது டிக்கெட் வாங்கியது அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

படித்த பையன், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன். இதை அவனுடைய கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. நமக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. பஞ்சாங்கம் அப்படித்தான் கணிக்கிறது, வீடும் அப்படித்தான் நடக்கிறது. ஞாயிறு ராத்திரி தூங்கப் போகிறவரைக்கும், நடுவில் மணி ஒன்றோ இரண்டோ ஆனாலும், அது ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டாம் ஆட்டம் சினிமா முடிந்து ஒன்றரை மணிக்கு வந்தவன் "இன்னிக்கு" என்று சொல்வது முந்தின தேதியைத்தான். விமானக் கம்பெனியின் கடிகாரம் நடுராத்திரியில் தேதியை மாற்றிவிடுகிறது. இரண்டு கணக்கும் அவரவர் இடத்தில் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்று, 'சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு' என்று எழுதிக் கொடுக்க அந்த மண்ணடிக்காரர் இருந்தார். 2008 ஜூன் 1 முதல் உலகம் முழுக்க விமானக் கம்பெனிகள் காகித டிக்கெட்டை விட்டு மின்டிக்கெட்டுக்கு மாறின. உறை போனது. உறையில் எழுதியவரும் போனார்.

இப்போதும் ஊரில் பலர் டிக்கெட்டைத் தாங்களாகப் போடுவதில்லை. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தம்பியிடம் போய்ப் போடுகிறார்கள். அவசரத்தில் அவர் தன் போன் எண்ணையே கொடுத்துவிடுகிறார். விமான நேரம் மாறினால் செய்தி அவருக்குப் போகிறது. ஒருமுறை பக்கத்து வீட்டம்மாவின் விமானத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். செய்தி வந்த போன் ஜெராக்ஸ் கடையில் சார்ஜில் இருந்தது. அந்த அம்மா பழைய நேரத்துக்குச் சரியாக, மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நின்றார். கவுண்டர் மூட சில நிமிஷம்தான் பாக்கி. ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்து, மற்றதையும் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். அவருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைப்பதில்லை.

பெயரும் நமக்கு ஒரு தொல்லை. தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் ஒரே பெயர்தான், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பர் 21-லிருந்து ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் ஏற்க மாட்டோம் என்றது. அந்த வாரம் என் மாமாவும் அத்தையும் மகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே போயும் மாமாவைக் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணும் பாவம், திரையில் சிவப்பாக வந்ததைப் படித்துச் சொன்னாள், அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. அத்தைக்கு இரண்டு பெயர் இருந்ததால் அவள் போகலாம். "நீ போ, நான் அப்புறம் வர்றேன்" என்று மாமா சொன்னார். அத்தை போகவில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்ற விளக்கம் அப்புறம் வந்தது. எழுபது வயது மனிதருக்குத் தன் பெயர் போதவில்லை என்று நடுராத்திரியில் ஒருவர் சொல்லும்போது எப்படி இருக்கும்? அந்த முகத்தைப் பார்த்தவள் நான். இன்றும் அதைப் பேசினால் அத்தைக்குக் கண் கலங்கும்.

சோதனை இடத்தில் ஆகும் தாமதமும் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்ட பிறகு, வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றானது. நெய்யும் ஊறுகாயும் அதில் சேர்த்திதான். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் கைப்பையில் விடமாட்டார்கள். சபரிமலைப் பருவத்தில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் அரசு 2025 ஜனவரி 20 வரை தனியாக அனுமதி கொடுத்திருந்தது. பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போட்டால் பெட்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாத ஒரு கிராமத்து அம்மா, மகளின் பிரசவத்துக்கென்று வெண்ணெய் வாங்கி முருங்கைக்கீரை போட்டுத் தானே உருக்கிய நெய்யை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் அது பெட்டிக்குள் போயிருக்கும்.

இயற்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதில் யாரும் எதுவும் செய்ய முடியாது. சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து விமானம் விட்டார்கள். 2018 போகியன்று காலை புகைமூட்டத்தில் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் புகை மட்டும் நாம் போட்டது, நாம் நினைத்தால் நிறுத்தலாம்.

உள்ளே போய்விட்டவரும் விமானத்தை விடுகிறார் என்பதுதான் எனக்கு ஆறாதது. பல விமான நிலையங்கள் இப்போது அமைதி நிலையங்கள். போர்டிங் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வராது, திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்பு கவுண்டரும், 25 நிமிஷம் முன்பு கேட்டும் மூடிவிடும். ஆனால் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது புறப்படும் நேரம் மட்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் பழகிய ஒருவர் அந்த நேரம் வரை ஏறலாம் என்றுதான் நினைப்பார். முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் டிஜி யாத்ரா 2022 டிசம்பரில் டெல்லியிலும் பெங்களூரிலும் வாரணாசியிலும் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் வந்தது. அடிக்கடி போகிறவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. முதல் தடவை வருகிறவருக்கு, படிக்கத் தடுமாறுகிறவருக்கு, கண் மங்கியவருக்கு என்ன வசதி வந்தது? அவர்களுக்கு இருந்த ஒரே வசதி, தங்கள் பெயரைத் தமிழில் யாராவது உரக்கக் கூப்பிடுவது. அதை எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டியதில்லை. நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை ஐந்து வரை கிளம்பும் விமானங்களுக்கு, டிக்கெட்டிலும் போன் செய்தியிலும் 'சனிக்கிழமை இரவு கிளம்ப வேண்டும்' என்று தமிழில் ஒரு வரி சேர்க்கட்டும். கேட் மூடும் நேரத்தைப் புறப்படும் நேரத்தைவிடப் பெரிய எழுத்தில் போடட்டும். கடைசி அழைப்பை மட்டுமாவது ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லட்டும். சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் ராத்திரி நேரத்தில் வாசலில் தமிழ் பேசுகிற ஒருவரை நிறுத்தி, கையில் தாளோடு முழிக்கிற ஆளிடம் போய்ப் பேசச் சொல்லட்டும்.

படிக்கிற உங்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். விமானத்தை விட்டுவிட்டால் டிக்கெட் பணம் முழுவதும் போய்விட்டது என்று திரும்பிவிடாதீர்கள். பயணம் செய்யாத டிக்கெட்டில் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமானக் கம்பெனி திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டால்தான் வரும், எழுதிக் கேளுங்கள். கம்பெனியின் வலைத்தளத்தில் போட்ட டிக்கெட்டில் பெயர் பிழையாக இருந்தால், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும். விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்குப் போயும், ஆள் அதிகம் என்று இடம் மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானமும் தராவிட்டால் நஷ்டஈடு உண்டு. மாற்று விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் அது 20,000 ரூபாய் வரை போகும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது முதல் தடவையாக விமானம் ஏறப் போனால், ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். எந்தக் கிழமை ராத்திரி கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு வாசலில் இருக்க வேண்டும், எந்த முனையம், கேட் எத்தனை மணிக்கு மூடும், நெய் எந்தப் பெட்டியில், பவர் பேங்க் எந்தப் பையில் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையில் கொடுங்கள். டிக்கெட்டில் அவருடைய சொந்த போன் எண்தான் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.